அத்திம்பேர் இல்லாத பிள்ளைகள்

(நம் சங்கத்தின் தில்லி அன்பர்கள் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஓய்வு பெற்ற பிறகு பொழுதை எப்படிப் பயனுள்ளதாகக் கழிப்பது என்ற தலைப்பில் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். யோகாசனம், நடைப்பயிற்சி, ஸஹஸ்ரநாம பாராயணம் பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் செய்துவரும் ஒரே ஒரு வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வீட்டில் இதுவரை யாருமே கல்லூரிப் படி ஏறியிராத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு கல்லூரியில் சேர விண்ணப்பம் நிரப்ப உதவுவதுதான் அந்த வேலை. கேட்பதற்குக் குமாஸ்தா வேலை மாதிரி இருக்கிறதே என்பீர்கள். குமாஸ்தா வேலையேதான். 36 வருஷம் மத்திய சர்க்கார் ஆபீஸில் அதைத்தானே செய்தேன்!

நான் இருப்பது மயூர் விஹாரில். சாலையைக் கடந்தால் திரிலோக்புரி. எமர்ஜென்சி காலத்தில் தில்லியின் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடியமர்த்திய காலனிகளில் அதுவும் ஒன்று. நம் பக்கத்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கவும், காரைக் கழுவவும், பத்திரிகை போடவும் வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கிருந்துதான் வருகிறார்கள். உத்தரப் பிரதேசம், பீஹார், ராஜஸ்தான் என்று பல ஊர்க்காரர்கள். நம் தமிழ்நாட்டுக் குடும்பங்களும் உண்டு.

2022 ஜூலையில் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் லட்டுப் பொட்டலத்துடன் வந்தாள். "மாமி, பாப்பா 88 எடுத்திருக்கு" என்று என் மனைவியிடம் சொன்னாள். வணிகவியலும் கணக்கும் எடுத்துப் படித்த பெண். எந்தக் கல்லூரி என்று கேட்டேன். இனிமேல்தான் போய்க் கேட்க வேண்டும் என்றாள். 2021 வரை அப்படித்தான் இருந்தது. தில்லிப் பல்கலைக்கழகம் கட்-ஆஃப் போடும், மார்க் இருந்தால் சேரலாம். 2022-ல்தான் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் க்யூயெட் என்ற பொது நுழைவுத் தேர்வு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட் அவள் கைக்கு வந்தபோது அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் காலம் முடிந்து, தேர்வே நடக்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு தேர்வு வந்திருப்பதே தெரியாது. அதே சமயம் எங்கள் அடுக்ககத்தில் பன்னிரண்டாவது படித்த பிள்ளைகளில் அதற்கு விண்ணப்பிக்காத பிள்ளை ஒன்றுகூட இல்லை.

அந்த அம்மாளிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கும் மனைவிக்கும் தெரியவில்லை. லட்டை வாங்கிக்கொண்டோம்.

பிறகு விசாரித்து, நான்-காலேஜியேட் பெண்கள் கல்வி வாரியத்தில் பி.காம். சேர்த்தோம். தில்லிவாசிப் பெண்களுக்காக வார இறுதியில் வகுப்பு நடத்துகிற பழைய ஏற்பாடு அது. பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்தே சேர்க்கிறார்கள். வார நாட்களில் ஒரு கடையில் பில் போட்டுக்கொண்டே படித்து 2025-ல் பட்டம் வாங்கி, இப்போது ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறாள். நல்ல பெண், நன்றாக வருவாள். ஆனாலும் தினசரிக் கல்லூரியும், நூலகமும், சிநேகிதிகளும் அவள் மார்க்குக்கு உரியவையாக இருந்தன. போனது போனதுதான்.

இந்த இடத்தில் நம்மைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாம். நான் 1971-ல் திருநெல்வேலியில் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்தேன். என் அப்பா மிராசுதாரும் இல்லை, வக்கீலும் இல்லை. கோவில் தேவஸ்தானத்தில் கணக்கு எழுதியவர். ஆனால் கரோல்பாகில் எனக்கு ஓர் அத்திம்பேர் இருந்தார். அத்தையின் கணவர், அப்பர் டிவிஷன் கிளார்க். அவரிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வரும். இன்ன பரீட்சைக்கு விளம்பரம் வந்திருக்கிறது, கடைசித் தேதி இது, ஃபாரத்தில் அடித்தல் திருத்தல் கூடாது, சர்டிபிகேட் நகலில் கெஜட்டட் ஆபீசரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும், போஸ்டல் ஆர்டரைக் கிராஸ் செய்ய மறக்காதே என்று மணிமணியாக எழுதியிருப்பார். பரீட்சை பாஸானதும் அவர் வீட்டுப் பர்ஸாத்தியில்தான் டிரங்குப் பெட்டியுடன் வந்து இறங்கினேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் அப்படி ஓர் அத்திம்பேரோ, மாமாவோ, ஒன்றுவிட்ட அண்ணாவோ இல்லாமல் தில்லிக்கு வந்தவர்கள் கையைத் தூக்கலாம். (யாரும் தூக்கவில்லை என்பதை வாசகர்களுக்காகக் குறித்துக்கொள்கிறேன்.)

நாம் புத்தியால் முன்னுக்கு வந்தோம் என்று சொல்லிக்கொள்கிறோம். புத்தி இருந்தது, நான் மறுக்கவில்லை. அத்திம்பேரும் இருந்தார். திரிலோக்புரிப் பிள்ளைகளிடம் புத்திக்குக் குறைவில்லை. அத்திம்பேர்தான் கிடையாது.

2022-க்குப் பிறகு எங்கள் அடுக்ககத்தில் ஓய்வு பெற்ற ஐந்து பேர் சேர்ந்தோம். ஒருவர் பாங்கில் இருந்தவர், ஒருவர் ரயில்வே, ஒரு மாமி பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இரண்டு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர். பாடம் சொல்லிக்கொடுப்பதில்லை. அதற்குப் பொறுமையும் இளமையும் வேண்டும். நாங்கள் சுற்றறிக்கையைப் படிக்கிறோம், தேதியைக் காலண்டரில் குறிக்கிறோம், காகிதங்களைச் சரிபார்க்கிறோம்.

காகிதம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் ஒன்று, பாங்க் பாஸ்புக்கில் வேறொன்று. அப்பாவின் பெயர் ஓரிடத்தில் முழுப்பெயர், இன்னோரிடத்தில் வெறும் இனிஷியல். கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு மனிதர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மூலமாக வைத்து மற்றதையெல்லாம் அதற்கு ஏற்றபடி திருத்த வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆகவே பன்னிரண்டாவதில் ஆரம்பித்தால் பலனில்லை, பத்தாவதில் ஆரம்பிக்க வேண்டும். ஓ.பி.சி. கிரீமி லேயர் அல்லாதோர் சான்றிதழும், பொருளாதாரத்தில் நலிந்தோர் என்கிற ஈ.டபிள்யூ.எஸ். சான்றிதழும் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். போன வருஷத்துச் சான்றிதழைப் பத்திரமாக பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வருவார்கள். பாவமாக இருக்கும்.

பதினொன்றாம் வகுப்பில் எடுக்கும் பாடம் இன்னொரு விஷயம். விஞ்ஞானம் படித்தவன் என்பதால் எனக்கு இதில் தனி வருத்தம் உண்டு. சி.பி.எஸ்.இ. 2020 தேர்விலிருந்து பத்தாவதில் கணக்கை இரண்டாகப் பிரித்தது: ஸ்டாண்டர்டு, பேசிக். மேற்கொண்டு கணக்குப் படிக்கப் போவதில்லை என்பவர்களுக்காக ஏற்பட்டது பேசிக். பயந்த பிள்ளைகளும், ரிசல்ட்டைக் காப்பாற்ற நினைக்கும் பள்ளிகளும் அதன் பக்கமே சாய்கிறார்கள். பிறகு பதினொன்றில் கணக்கு இல்லாமல் போகிறது. பல அரசுப் பள்ளிகளில் விஞ்ஞானப் பிரிவே கிடையாது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் ஆனர்ஸ் படிப்பதற்குப் பன்னிரண்டாவதில் கணக்கு வேண்டும் என்பது பதினைந்து வயதுப் பெண்ணுக்கு யார் சொல்வார்கள்? வங்கியில் பெரிய அதிகாரி ஆக வேண்டும், எக்கனாமிக்ஸ் படிக்க வேண்டும் என்று ஆசையோடு வந்த ஒரு பெண்ணிடம், கணக்கு எடுத்தாயா என்று கேட்டேன். ஓவியம் எடுத்திருந்தாள். மார்க் வரும் என்று பள்ளியில் சொன்னார்களாம். அந்தக் கதவு அவள் பதினொன்றாம் வகுப்பில் காலெடுத்து வைத்த அன்றே சாத்திவிட்டது. அரசியல் விஞ்ஞானம் படிக்கிறாள் இப்போது. சாமர்த்தியசாலி, எப்படியும் வந்துவிடுவாள்.

தேர்வு முடிந்து மதிப்பெண் வந்தபின் நடக்கும் கூத்து தனி. தில்லிப் பல்கலைக்கழகத்தில் சுமார் 70 கல்லூரிகள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று விருப்ப வரிசையைக் கம்ப்யூட்டரில் கொடுக்க வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம். நம் பிள்ளைகள் நூறு, நூற்றைம்பது என்று நிரப்புகிறார்கள். இந்தப் பிள்ளைகள் தாங்கள் காதால் கேட்ட ஐந்து பிரபலமான கல்லூரிகளைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள், ஒன்றும் கிடைக்காது. இடம் கிடைத்தாலோ, குறித்த கெடுவுக்குள் சம்மதம் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். கிடைத்ததே போதும் என்றால் ஃப்ரீஸ், இதைவிட மேலானது வந்தால் மாறுகிறேன் என்றால் அப்கிரேட். ஒன்றும் அழுத்தாமல் விட்டால் இடம் போய்விடும். முதல் வருஷம் ஒரு பையன் செல்போனில் டேட்டா தீர்ந்து, கெடு முடிய நாற்பது நிமிஷம் இருக்கும்போது ஓடி வந்தான். எங்கள் ரயில்வே நண்பர் ரயிலைப் பிடிக்கிற வேகத்தில் வேலையை முடித்தார்.

கெடுவுக்குள் கட்டப் பணம் வேண்டுமே? கல்லூரிக் கட்டணம் நமக்குப் பெரிதாகத் தெரியாது. மாதம் பன்னிரண்டாயிரத்தில் ஐந்து ஜீவன்கள் வாழும் வீட்டில் அதை இரண்டு நாளில் புரட்ட வட்டிக்குத்தான் போக வேண்டும். நாங்கள் ஐந்து பேரும் ஆளுக்குப் பத்தாயிரம் போட்டு ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். வட்டியில்லாத கைமாற்று, உதவித்தொகை வந்ததும் திருப்பித் தர வேண்டும். தானமாகவே கொடுத்துவிடலாமே என்று மாமி கேட்டாள். வேண்டாம் என்று பாங்க் நண்பர் பிடிவாதமாக இருந்தார். அவர் சொன்னதே சரியாயிற்று. இதுவரை ஒருவர்கூட ஏமாற்றவில்லை. நேரில் வந்து எண்ணிக் கொடுக்கும்போது அந்த அப்பாக்களின் முகத்தில் ஒரு நிமிர்வு இருக்கிறது.

உதவித்தொகைகள் இல்லாமல் இல்லை. பல இருக்கின்றன, யாருக்கும் தெரிவதில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு எழுதி ஜெயித்தால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் தருகிறது மத்திய அரசின் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் உதவித்தொகைத் திட்டம். நாடு முழுவதும் வருஷத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு. அரசு, அரசு உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். குடும்ப வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கல்லூரிக்கு வந்தபின் பி.எம். உச்சதர் ஷிக்ஷா ப்ரோத்ஸாஹன் என்று வாயில் நுழையாத பெயரில் ஒன்று. பன்னிரண்டாவதில் தங்கள் போர்டில் முதல் 20 சதவிகிதத்துக்குள் வந்தவர்களுக்கு, வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், பட்டப்படிப்புக்கு வருஷம் 12,000. தபால் வழிப் படிப்புக்கு இது கிடையாது. பணம் இல்லையே என்று தபால் வழியில் சேரும் பிள்ளை, அந்தப் பணத்தைத் தரும் உதவியையே இழந்துவிடுகிறது. இதை ஜூலையிலேயே யாராவது எடுத்துச் சொன்னால் அந்தக் குடும்பத்தின் முடிவே மாறக்கூடும்.

இன்னொரு சூட்சுமம். விண்ணப்பம் சரியாக இருந்தும் பணம் வரவில்லை என்று வருவார்கள். அரசு அனுப்பும் பணம் ஆதாருடன் கடைசியாக எந்த பாங்க் கணக்கை இணைத்தார்களோ அங்கே போகும். அம்மா எப்போதோ செல்போன் கடையில் கைரேகை வைத்துத் திறந்த ஏதோ ஒரு கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். எங்கள் பாங்க் நண்பர் இப்படிக் காணாமல் போன பணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதில் துப்பறியும் சாம்புவாகிவிட்டார்.

சேர்ந்த பிறகும் கதை முடிவதில்லை. ஹிந்தி மீடியத்தில் படித்த பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் ஆங்கிலச் சொற்பொழிவு காதில் விழும், மனத்தில் விழாது. பையன்கள் பேசாமல் நின்றுவிடுவார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள். அக்டோபர் மாதம் எல்லோருக்கும் ஒரு தடவை போன் செய்வது என்று மாமி வழக்கம் வைத்திருக்கிறாள். "ஆன்ட்டி, எல்லாம் டீக்" என்று வேகமாகச் சொல்கிறவன்தான் கஷ்டத்தில் இருக்கிறான் என்பது அவள் கண்டுபிடிப்பு. பெண்கள் நின்றுவிடுவது குறைவு. 2019 அக்டோபரில் தில்லி பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்தது. எங்கள் பெண்களில் சிலர் மெட்ரோ ஏறாமல் இரண்டு மணி நேரம் பஸ்ஸிலேயே போய் வந்து படித்திருக்கிறார்கள்.

சென்ற முறை இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னபோது ஓர் அன்பர் எழுந்து, "நம் பிள்ளைகளுக்கு யார் செய்கிறார்கள்? சீட்டு இல்லாமல்தானே அமெரிக்காவுக்கு ஓடுகிறார்கள்?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். அவர் இன்றும் வந்திருக்கிறார், சந்தோஷம். அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில், நம்மவர்களிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்யாணச் சமையலுக்குப் போகிறவரின் பெண், சின்னக் கோவிலில் தட்டுக்காசை நம்பியிருக்கும் அர்ச்சகரின் பையன், பாடசாலையில் வேதம் படித்துவிட்டுப் பள்ளிப் பரீட்சையைத் தனியாக எழுதும் பிள்ளை. 2019-ல் வந்த 10 சதவிகித ஒதுக்கீட்டை 2022 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்துவிட்டது. மத்திய அரசுக் கல்லூரிகளில் இடம் உண்டு. நம் தாசில்தார் ஆபீஸில் போய் அந்தச் சான்றிதழைக் கேட்பதற்குக் கூச்சப்படுகிறார்கள், அல்லது சென்ற வருஷத்துச் சான்றிதழோடு போகிறார்கள். எங்கள் மேஜைக்கு இரண்டு பேர் அப்படி வந்தார்கள். வரிசையில்தான் உட்கார்ந்தார்கள்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் சங்கடமானது. ஒதுக்கீடு பற்றி நமக்கு இருக்கும் மனத்தாங்கல் எனக்குத் தெரியாததல்ல. ஆபீஸில் பிரமோஷன் பட்டியல் வரும்போதெல்லாம் நானும் பேசியிருக்கிறேன், என்னிடமும் பேசியிருக்கிறார்கள். கொள்கையைப் பற்றி இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. அதை வாக்குச்சாவடியிலும் பத்திரிகையிலும் பேசிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு என் எதிரில் உட்காரும் பெண்ணுக்குப் பதினேழு வயது. அவள் அம்மா அதிகாலை ஐந்தரை மணிக்கு நம் வீட்டு வாசலைப் பெருக்குகிறாள். அந்தப் பெண்ணிடம் நான் எந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்வது?

பல ஊர் அன்பர்கள் இதைப் பத்திரிகையில் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் விதி வேறு. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் முதல் பட்டதாரிச் சான்றிதழ், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவிகித ஒதுக்கீடு, மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளலாம். மஹாராஷ்டிரத்தில் மஹாடிபிடி என்ற வலைத்தளம். 8 லட்சத்துக்குள் வருமானமுள்ள வீட்டுப் பெண்களுக்குத் தொழிற்கல்விக் கட்டண விலக்கு 2024-ல் வந்திருக்கிறது. சுற்றறிக்கையைக் கடைசிப் பத்தி வரை படிக்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் நம்மில் இல்லாமலா போவார்?

கடைசியாக, ஒரு குறிப்பிட்ட உதவி கேட்டுத்தான் இன்று வந்தேன். எங்கள் குழுவில் ஒருவருக்கு ஜங்புராப் பக்கம் பழக்கம் உண்டு. அங்கே பாராபுல்லா கால்வாய் ஓரம் இருந்த மதராஸி கேம்ப், ஹைகோர்ட் உத்தரவின்படி 2025 ஜூன் 1-ஆம் தேதி இடிக்கப்பட்டது உங்களுக்குத் தெரியும். தகுதி உண்டு என்று கணக்கிட்ட குடும்பங்களுக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நரேலாவில் வீடு கொடுத்தார்கள். அப்படிப் போன ஒரு பையன் இன்னும் பள்ளியில் படிக்கிறான். விடியற்காலை கிளம்பிப் பழைய பள்ளிக்கே வருகிறான். கணக்கில் சூரன், ஸ்டாண்டர்டு எடுத்திருக்கிறான், இந்த முறை நாங்கள் முன்னாலேயே பார்த்துக்கொண்டோம். பட்டியல் ஜாதியைச் சேர்ந்தவன். தில்லியில் அவனுக்குச் சான்றிதழ் தர, அப்பாவுக்குச் சொந்த மாநிலத்தில் கொடுத்த சான்றிதழைக் கேட்கிறார்கள். அப்பா கைக்குழந்தையாக இங்கே வந்தவர், பள்ளிக்கூடமே போகாதவர், அவரிடம் சான்றிதழ் கிடையாது. தாத்தாவின் ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், திருக்கோவிலூருக்குப் பக்கம். அங்கே சித்தப்பா முறையில் ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். இங்கிருந்து மூன்று கடிதம் போட்டாயிற்று.

திருக்கோவிலூர், விழுப்புரம் பக்கம் அன்பர்கள், உறவினர்கள் யாராவது இருந்தால், தாலுகா ஆபீசுக்கு ஒரு நடை போய் விசாரித்துச் சொல்ல வேண்டும். கிராமத்தின் பெயர், பாட்டனார் பெயர், ரேஷன் கார்டு நகல் எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு இங்கே கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் காபி வரிசைக்குப் பக்கத்திலேயே நிற்பேன்.